எபிஜெனெடிக்ஸில் பி.எச்டி. செய்யலாமா? ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: நான் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருடம் படிக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அம்மா வயிற்றில் இருந்தபோது பாட்டி பாதி நாள் பட்டினி கிடந்தாராம். முன்னோர் பட்ட கஷ்டம் மரபணுவின் மேல் மெத்தில் அடையாளமாகப் பதிந்து பேரப்பிள்ளைகள் வரை வரும் என்று படித்தேன். அதிலிருந்து டி.என்.ஏ. மெத்திலேஷனில்தான் பி.எச்டி. செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அப்பா ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போகச் சொல்கிறார். கம்ப்யூட்டர், கணக்கு இரண்டுமே எனக்குப் பயம். பேப்பர்களைப் படித்தால் பாதிதான் புரிகிறது. இந்தத் துறையை நம்பி இறங்கலாமா? எங்கே ஆரம்பிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பாட்டியைப் பற்றிய வரி. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் இந்தத் துறைக்குள் நுழையப் போகும் வாசல் அது. பலர் கால் தடுக்கி விழுகிற இடமும் அதுதான். டி.என்.ஏ.வின் எழுத்தை மாற்றாமல் அதன் மேல் மெத்தில் என்ற சின்ன வேதித்தொகுதி ஒட்டுவதுதான் மெத்திலேஷன்; இப்படியான அடையாளங்களைப் பற்றிய படிப்புதான் எபிஜெனெடிக்ஸ்.

நீங்கள் படித்த கட்டுரைகள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் நெதர்லாந்துக்குப் போய்ச் சேரும். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை அந்நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகும் வழியை அடைத்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரேஷன் ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அந்தப் பஞ்சத்தின்போது கருவில் உருவானவர்களில் 60 பேரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, பாஸ்டியான் ஹெய்மன்ஸ் குழுவினர் பஞ்சத்தில் சிக்காத அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். ஐ.ஜி.எஃப்.-2 என்ற மரபணுவில் மெத்திலேஷன் குறைந்திருந்தது. 2008-இல் வந்த இந்த முடிவு உண்மையிலேயே முக்கியமானது. ஆனால் எவ்வளவு குறைவு என்று பாருங்கள்: நூற்றுக்கு ஐந்து அளவுதான். அப்புறம், இவர்கள் பேரப்பிள்ளைகள் இல்லை. பஞ்சத்தின்போது தாய் வயிற்றிலேயே இருந்தவர்கள்.

இங்கேதான் விரல்விட்டு எண்ண வேண்டும். உங்கள் பாட்டி பட்டினி கிடந்தபோது அந்தப் பட்டினி பாட்டியின் உடம்பைத் தொட்டது. வயிற்றில் இருந்த அம்மாவைத் தொட்டது. அம்மாவின் சூலகத்தில் அப்போதே உருவாகத் தொடங்கிவிட்ட முட்டைகளையும் தொட்டிருக்கலாம். அந்த முட்டைகளில் ஒன்றுதான் பிற்பாடு நீங்கள். ஆக, அந்தப் பசியை எந்த வகையிலும் நேரடியாகச் சந்திக்காத முதல் ஆள் உங்கள் வயிற்றில் பிறக்கப்போகும் குழந்தை. அங்கேயும் அடையாளம் தெரிந்தால்தான் 'தலைமுறை தாண்டியது' என்று சொல்ல முடியும். நடுவில் இரண்டு பெரிய தடைகள் வேறு இருக்கின்றன. முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஒருமுறை, கருவுற்ற முதல் சில நாட்களில் இன்னொருமுறை, மெத்தில் அடையாளங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகிறது. அகூட்டி என்ற ஒரு எலி இனத்தில் சில அடையாளங்கள் இதையும் மீறித் தப்பிக்கின்றன. ஒரே மரபணு கொண்ட எலிக்குட்டிகள் மஞ்சளாகவும் பழுப்பாகவும் பிறக்கின்றன. தாய்க்கு ஃபோலிக் அமிலம், பி12 போன்றவற்றைக் கூடுதலாகக் கொடுத்தபோது பழுப்புக் குட்டிகள், அதாவது அந்த நிற மரபணுவில் மெத்தில் ஏறியவை, அதிகமானதை 2003-இல் வாட்டர்லேண்ட், ஜர்ட்டில் இருவரும் காட்டினார்கள். மனிதரில் அப்படித் தலைமுறை தாண்டிப் போவதற்கு உறுதியான சான்று இல்லை.

உங்கள் ஆசையில் தண்ணீர் ஊற்ற இதைச் சொல்லவில்லை. பாட்டியின் பசிக்கும் அம்மாவின் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கலாம். அது நல்ல கேள்வி, நம் மண்ணிலேயே கேட்கப்பட்ட கேள்வி. புனேயில் டாக்டர் யாஜ்னிக் 1993-இல் தொடங்கிய தாய்-சேய் ஆய்வில், ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. மெத்தில் தொகுதியைத் தயாரிக்கும் உடம்பின் வேதியியலில் இந்த இரண்டு வைட்டமின்களும் நேரடியாக வருகின்றன என்பதால் நம் துறைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் கிரிராஜ் சண்டக் குழு, மும்பையிலும் காம்பியாவிலும் தாய்மார்களுக்குச் சத்துணவு கொடுத்துப் பிறந்த பிள்ளைகளின் மெத்திலேஷனைப் பார்த்தது. ஆகவே கேள்வி உயிரோடுதான் இருக்கிறது. 'பாட்டியின் துயரம் என் மரபணுவில் இருக்கிறதா' என்று கேட்டால் அதற்கு ஒரு பரிசோதனை கிடையாது. 'அம்மா கருவில் இருந்தபோது எந்தச் சத்து குறைந்தது, எந்த இடத்தில் எந்தத் திசுவில் மெத்தில் மாறியது, அந்த மாற்றம் சர்க்கரைக்குக் காரணமா, இல்லை சர்க்கரையால் வந்ததா' என்று கேட்டால் ஒரு பி.எச்டி. ஆகும்.

இப்படிச் சின்னதாக வெட்டிய கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்லும் கதைதான்.

எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் என்று ஒரு மரபியலாளர். பி.எச்டி.யில் அவர் பார்த்தது தவளையின் ரைபோசோம் மரபணுக்கள். பிறகு, சதர்ன் பிளாட் என்று நாம் பரீட்சைக்குப் படிக்கிறோமே, அந்த எட்வின் சதர்னோடு சேர்ந்து 1978-இல் ஒரு எளிய உத்தியை எழுதினார். டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட எழுத்துகள் வரும் இடத்தில் வெட்டுபவை ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்கள்; மெத்தில் ஏறியிருந்தால் வெட்டாத என்சைம்களை வைத்து மெத்திலைத் தேடுவதுதான் அந்த உத்தி. இன்று அதற்கு நாம் எடுப்பது இரண்டு என்சைம்கள்: ஹெச்பிஏ-2, எம்எஸ்பி-1. இரண்டும் சிசிஜிஜி என்று எழுத்துகள் வரும் ஒரே இடத்தைத்தான் வெட்டும். அந்த இடத்தில், ஜி-க்கு முன்னால் நிற்கும் சி-யின் மேல் மெத்தில் ஏறியிருந்தால் ஹெச்பிஏ-2 வெட்டாது, எம்எஸ்பி-1 வெட்டும். அவ்வளவுதான். ஒரே டி.என்.ஏ.வை இரண்டாகப் பிரித்து இரண்டாலும் வெட்டி ஜெல்லில் ஓட்டினால் (சிறிய துண்டுகள் கீழே ஓடும், பெரியவை மேலேயே நிற்கும்), எங்கே மெத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

உங்கள் பிராக்டிகல் லேபில் இருக்கும் சாமான்களை வைத்தே இதைச் செய்யலாம். செய்து பார்க்கவும் சொல்வேன். எம்எஸ்பி-1 ஓடிய வரிசையில் டி.என்.ஏ. மேலிருந்து கீழ்வரை புகைபோல இறங்கியிருக்கும். பக்கத்து ஹெச்பிஏ-2 வரிசையில் பெரும்பகுதி மேலேயே தேங்கி நிற்கும். முதுகெலும்பு உள்ள விலங்குகளின் டி.என்.ஏ.வில் சி-யும் ஜி-யும் அடுத்தடுத்து வரும் சிபிஜி இடங்களில் நூற்றுக்கு எழுபது, எண்பது மெத்தில் ஏறியவை என்பதால் அப்படி. பார்க்கிறவர்கள் எல்லோரும் மேலே தேங்கியதைத்தான் பார்ப்பார்கள். பேர்டின் குழு ஜெல்லின் அடியைப் பார்த்தது. துண்டுகளின் முனையில் கதிரியக்கக் குறி ஏற்றிப் பார்த்தபோது, கீழே மிகச் சிறிய துண்டுகளாக எலி டி.என்.ஏ.வில் நூற்றில் ஒரு பங்கு கிடந்தது. சிபிஜி நெருக்கமாக இருந்தும் மெத்தில் ஏறாத பகுதிகள் அவை. 1985-இல் அவற்றைத் தீவுகள் என்று அழைத்தார்கள். இன்று சிபிஜி தீவு என்று பாடத்தில் படிக்கிறீர்களே, அதுதான். மனித மரபணுக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் தொடக்க வாசலில் இந்தத் தீவு இருக்கிறது.

மற்ற இடங்களில் சிபிஜி ஏன் இவ்வளவு அரிதானது என்பதையும் அவர் விடவில்லை. மெத்தில் ஏறிய சி வேதியியல்படி நைந்து போனால் டி ஆகிவிடும். டி என்பது டி.என்.ஏ.வின் சொந்த எழுத்து என்பதால் பழுது பார்க்கும் என்சைம்கள் அதைப் பல நேரம் பிழையாகவே எண்ணாது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் இப்படிக் கரைந்து கரைந்து, கணக்குப்படி இருக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு சிபிஜிதான் நம் மரபணுத்தொகுதியில் மிச்சம். மெத்தில் ஏறாத தீவுகள் மட்டும் கரையாமல் நின்றன. எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்க வைக்கும் விஷயம் இது.

அடுத்த கேள்வி: மெத்தில் ஏறிய இடத்தைச் செல்லில் யார் படிக்கிறார்கள்? 1992-இல் அவர் குழு மெக்பி-2 என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தது. மெத்தில் ஏறிய சிபிஜியைப் பிடித்துக்கொள்ளும் புரதம். அதுவரை இந்த வேலையில் நோய் என்ற பேச்சே கிடையாது.

அதே காலத்தில் அமெரிக்காவில், ஹூஸ்டனில், ஹூதா ஸோக்பி என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ரெட் நோய்க்குறி. பெண்குழந்தை பிறந்து ஆறு மாதம், ஒரு வருடம் நன்றாக வளரும். நடக்கும், ஒன்றிரண்டு வார்த்தை பேசும். பிறகு பேச்சு போகும். கை எதையும் பிடிக்காமல், துணி பிழிவதுபோலத் தன்னைத்தானே பிசைந்துகொண்டே இருக்கும். 1983-இல் முதல் குழந்தையைப் பார்த்த ஸோக்பி, 1999-இல் காரணத்தைக் கண்டுபிடித்தார். எக்ஸ் குரோமோசோமில் மெக்பி-2 மரபணுவில் பிழை. எடின்பரோவில் நோயைப் பற்றியே நினைக்காமல் பிரித்தெடுத்த அதே புரதம்.

பேர்ட் அப்போது செய்த சோதனையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மெக்பி-2 மரபணுவுக்கு நடுவில் ஒரு தடைத் துண்டை வைத்து எலியை வளர்த்தார்கள். எலிக்கு நோய் முற்றியது. நடை தள்ளாடியது, மூச்சு சீரில்லாமல் போனது. அப்புறம் டமாக்சிஃபன் மருந்தைக் கொடுத்து அந்தத் தடையை நீக்கினார்கள். சாகப்போகும் நிலையில் இருந்த எலிகள் தேறின. 2007-இல் இது வெளிவரும்வரை, வளரும் மூளையில் விழுந்த அடி விழுந்ததுதான் என்றே பலரும் நம்பினார்கள். நரம்புச் செல்கள் சாகவில்லை, காத்திருந்திருக்கின்றன என்று இந்தச் சோதனை காட்டியது. இன்று ரெட் குழந்தைகளுக்கான மரபணு சிகிச்சை மனிதரில் சோதிக்கப்படுகிறது. அதில் எச்சரிக்கையும் உண்டு: மெக்பி-2 கூடிப்போனாலும் மூளைக்கு ஆபத்து, அதற்கென்று தனி நோயே இருக்கிறது. பேர்டுக்கும் ஸோக்பிக்கும் 2020-இல் பிரெய்ன் பரிசைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

1978-இலிருந்து 2007 வரை எண்ணினால் இருபத்தொன்பது ஆண்டுகள். 'இந்தத் துறையை நம்பி இறங்கலாமா' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எபிஜெனெடிக்ஸ் என்ற பெயருக்கு இப்போது இருக்கும் பரபரப்பு அடங்கலாம். அந்தப் பெயரை வாடிங்டன் 1942-இலேயே வைத்தார். பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் மெத்தில் யார் ஏற்றுகிறார்கள், யார் படிக்கிறார்கள், யார் அழிக்கிறார்கள் என்ற கேள்விகள் அடங்காது. அழிக்கும் பக்கத்தில் டெட் என்ற என்சைம்களின் வேலை தெரிந்ததே 2009-இல்தான். அதைக் கண்டுபிடித்தது இந்தியாவில் பிறந்த அஞ்சனா ராவின் குழு. உங்கள் மனசு அடித்துக்கொள்வது தலைப்புச் செய்திக்காகவா, ஜெல்லின் அடியில் கிடக்கும் அந்த நூற்றில் ஒரு பங்குக்காகவா என்று நிதானமாக யோசியுங்கள். இரண்டாவது என்றால் வாருங்கள்.

கம்ப்யூட்டர் பயத்துக்கு வருகிறேன். இதில் உங்களுக்குச் சலுகை காட்ட முடியாது. 1992-இல் மரியான் ஃப்ரோமர் குழு பைசல்ஃபைட் முறையைக் கொண்டுவந்தது (1985 தீவுப் பேப்பரில் இருந்த அதே ஃப்ரோமர்). மெத்தில் ஏறாத சி-யை அந்த வேதிப்பொருள் யு ஆக மாற்றிவிடும்; மெத்தில் ஏறிய சி அப்படியே நிற்கும்; சீக்வென்ஸ் செய்தால், அதாவது எழுத்தெழுத்தாகப் படித்தால், ஒவ்வொரு சி-யிலும் விடை. கை வேலை பெரிதாக ஒன்றுமில்லை. சாம்பிளை வெளிச்சம் படாமல் இரவு முழுக்க வைத்து, காலையில் கழுவி, இருபது மைக்ரோலிட்டரில் எடுக்க வேண்டும். டி.என்.ஏ. நிறையவே நொறுங்கும் என்பதால் அந்த இருபதையும் உயிர்போலப் பார்த்துக்கொள்வோம். அதற்குப் பிறகு மெத்திலேஷனை அளக்கும் சிலைடில் ஏற்றினால், ஒரு மனிதருக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களின் எண்கள் வந்து விழும். மீதி வருடங்கள் அந்த எண்களோடுதான்.

நான் பட்ட அடியைச் சொல்கிறேன். பி.எச்டி. முடித்த புதிதில் ஒரு லேபில் 48 ரத்த சாம்பிள்கள், பாதி நோயாளிகள், பாதி ஆரோக்கியமானவர்கள். ஒரு சிலைடில் எட்டு சாம்பிள், ஆக ஆறு சிலைடு. குழப்பம் வரக்கூடாது என்று நோயாளிகளை முதல் மூன்றிலும் மற்றவர்களைக் கடைசி மூன்றிலும் ஏற்றினேன். முடிவு வந்தபோது இரண்டு கூட்டமும் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிந்து நின்றன. சந்தோஷத்தில் அன்று சாப்பிடவில்லை. ஒரு சீனியர் வந்து பார்த்துவிட்டு, 'எந்தச் சாம்பிள் எந்தச் சிலைடு, அதை வைத்து நிறம் போடு' என்றார். போட்டேன். அதே படம், அதே பிரிவு. நான் கண்டது நோயா, சிலைடுக்குச் சிலைடு வரும் வேறுபாடா என்று பிரிக்கவே வழியில்லை. எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ரத்தம் கொடுத்த 48 பேரின் முகம் இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன்: இந்தத் துறையில் கணக்கு என்பது பெரும்பாலும் இப்படியான நேர்மைதான். ரத்தத்தில் பல வகை வெள்ளணுக்கள். நோயில் அவற்றின் விகிதம் மாறும், ஒவ்வொன்றின் மெத்திலேஷனும் வேறு. விகிதம் மாறியதை மரபணு மாறியதாக எழுதிவிட்ட ஆட்கள் நிறைய. பிளஸ் டூ புள்ளியியலில் தொடங்கி, ஆர் என்ற கணினி மொழியில் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் பயம் போய்விடும். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் உங்களைப்போலப் பயந்தவர்கள்தான்.

அப்பா சொல்வதையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஆஸ்பத்திரி லேபிலும் மெத்திலேஷன் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லுங்கள். பிறந்ததும் தளர்ந்து கிடந்து, பின்னால் பசி அடங்காமல் போகும் குழந்தைக்கு பிராடர்-வில்லி நோய்க்குறி என்று சந்தேகம் வந்தால் செய்வது மெத்திலேஷன் சோதனைதான். பதினைந்தாம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அம்மாவிடமிருந்து வந்த பிரதியில் மெத்தில் இருக்கும், அப்பாவுடையதில் இருக்காது. மெத்தில் ஏறிய பிரதி மட்டுமே தெரிந்தால் அப்பாவின் பங்கு காணவில்லை என்று அர்த்தம். மூளைக்கட்டி நோயாளிக்கு டெமோசோலமைடு மருந்து எவ்வளவு பலன் தரும் என்று முன்கூட்டிப் பார்க்க எம்.ஜி.எம்.டி. மரபணுவின் மெத்திலேஷனைச் சோதிக்கிறார்கள். ஓரிரு வருடம் இப்படி ஒரு லேபில் வேலை பார்த்துவிட்டு பி.எச்டி.க்கு வருவது எந்த வகையிலும் பின்தங்குவது ஆகாது. சாம்பிளுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது என்பது கையில் பதிந்தே வருவீர்கள்.

பி.எச்டி.க்கு நேராகப் போவதென்றால் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கப் பாருங்கள். 2023-இல் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000; இது போக வீட்டு வாடகைப்படி. வீட்டுக்கு அனுப்பப் பெரிதாக மிஞ்சாது, ஆனால் வீட்டிலிருந்து வாங்க வேண்டியதில்லை. ஐந்து, ஆறு வருடம் ஆகும் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பேப்பர் எண்ணிக்கையைவிட, அவரிடம் முடித்த மாணவர்கள் நான்கு பேரிடம் பேசுவது முக்கியம். 'நம்பியது தப்பாகப் போனபோது அவர் என்ன செய்தார்' என்று மட்டும் கேளுங்கள், போதும்.

பேப்பர் பாதிதான் புரிகிறது என்கிறீர்கள். எம்.எஸ்சி.யில் பாதி புரிவதே அதிகம். முன்னுரையிலிருந்து படிக்காதீர்கள். முதல் படத்தை எடுத்து, எதை எதோடு ஒப்பிடுகிறார்கள், கண்ட்ரோல் எது என்று உங்கள் வார்த்தையில் தமிழிலேயே எழுதுங்கள். 2007-இல் வந்த அந்த எலிப் பேப்பரில் தொடங்கலாம்.

அப்புறம் ஒரு வேலை. இணையத்தில் ஜி.இ.ஓ. (GEO) என்ற பொது மரபணுத் தரவுக் களஞ்சியத்தில் புகைபிடிப்பவர்கள், பிடிக்காதவர்கள் இருவருடைய ரத்த மெத்திலேஷன் தரவுகளும் இலவசமாகக் கிடைக்கும். ஒன்றை இறக்கி, ஏ.ஹெச்.ஆர்.ஆர். மரபணுவில் சிஜி05575921 என்ற ஒரே ஒரு இடத்தின் எண்ணை மட்டும் இரண்டு கூட்டத்துக்கும் வரையுங்கள். புகைபிடிப்பவர்களிடம் மெத்திலேஷன் தெளிவாக இறங்கியிருக்கும். விட்டவர்களின் விவரமும் இருந்தால் அவர்கள் நடுவில் ஏறிக்கொண்டிருப்பது தெரியும். ஒரு வாழ்க்கைப் பழக்கம் டி.என்.ஏ.வின் மேல் எழுதியதை உங்கள் சொந்த லேப்டாப்பில் பார்ப்பீர்கள். படம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். எந்தச் சாம்பிள் எந்தச் சிலைடில் இருந்தது என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்.